எங்களுக்கு இடது முன்னங்கால் வலி

அட, எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க சார். ஊசி மருந்து தீந்து போச்சு, கம்பவுண்டர் வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. அதுவரைக்கும் அந்த ஃபேனுக்குக் கீழ நல்லா சாஞ்சுக்குங்க. மேல் பட்டன அவுத்து விட்டுக்குங்க, வெக்கப்படாதீங்க. இந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பாதிப் பேரு சட்டையே போடறதில்ல.

ஜாக்கிக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க சொன்னத நானே ஒரு தடவ சொல்றேன், சரியான்னு பாருங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு. இடது முன்னங்கால் தோள்பட்டையிலேருந்து கீழ வரைக்கும் வலிக்குது. காலையிலேருந்து சும்மா உக்காந்திருந்தாலே வேர்த்துக் கொட்டுது. சரிதானே? சரி. பாவம் ஜாக்கி. என் ஸ்டெதாஸ்கோப்ப மென்னுக்கிட்டு எவ்வளவு கஷ்டப்படுது பாருங்க.

நீங்க பேச வேண்டாம் சார். மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு சும்மா கேளுங்க, நான் பேசறேன். இந்தத் தொழில்ல பெரிய தலைவலி எதுன்னு தெரியுமா? கடிக்கிறதா? சேச்சே. கடிச்சா கடிச்சதுதான், அதுல பொய்யே கிடையாது. கூட்டிட்டு வர்றவங்க பேசறதப் புரிஞ்சுக்கறதுக்குள்ளதான் உயிர் போயிடும். ஒரு அம்மா பூனையத் தூக்கிட்டு வந்தாங்க. எங்களுக்கு ரெண்டு நாளா வாந்தி டாக்டர்னாங்க. நானும் பூனை வயித்த அமுக்கிப் பாக்கறேன், நாக்கப் பாக்கறேன், ஒண்ணுமே இல்ல. கடைசியில கேட்டா பூனை நல்லாத்தான் இருக்காம். வாந்தி அவங்களுக்கும் வீட்டுக்காரருக்கும். அப்புறம் பூனைய ஏம்மா தூக்கிட்டு வந்தீங்கன்னேன். அது வீட்ல தனியா இருக்காது டாக்டர்ங்கறாங்க.

இன்னொருத்தர் பூனை சுத்த சைவமாம். பால் சோறத் தவிர எதையும் மோந்துகூடப் பாக்காதாம். அவர் சொல்லிக்கிட்டே இருக்காரு, அது என் மேசை மேல ஒரு புறா எறகக் கக்குது. அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். ஜன்னலத் திறந்து வெச்சிருக்கீங்க டாக்டர், அதான் பறந்து வந்திருக்குன்னாரு.

மாத்திர குடுக்கறது இன்னொரு கூத்து. கசப்பு தெரியாம வெண்ணெய்ல பொதிஞ்சு குடுங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லி அனுப்பினேன். மறுநாள் போன். நாய் திங்கவே மாட்டேங்குதாம். கசக்காது பாருன்னு அதுக்கு நம்பிக்க வர்றதுக்காக அவரே ஒண்ணு தின்னு காட்டினாராம். அது நம்பல. இன்னொண்ணு தின்னாராம். பூச்சி மாத்திர சார் அது. இப்ப நாய் வயித்துல பூச்சி அப்படியே இருக்கு, அவர் வயிறு சுத்தமா இருக்கு.

சிரிக்காதீங்க சார், மெதுவா. என்ன, சிரிச்சா நெஞ்சு வலிக்குதா? யாருக்கு? ஜாக்கிக்கா. சரி, ஜாக்கிக்குத்தான். இனிமே ஜாக்கிய சிரிக்க வைக்க மாட்டேன்.

நான் ஏன் வாசலையே பாக்கறேனா? கம்பவுண்டர் வர்றாரான்னு பாக்கறேன், அவ்வளவுதான். இல்ல, வீட்டுக்கெல்லாம் போயிட்டு நாளைக்கு வர முடியாது. பொண்ணுக்குத் தெரியக் கூடாதா? ஆமா, வரும்போதே சொன்னீங்க. தெரிஞ்சா ஆபீஸ்ல லீவு போட்டுட்டு ஓடி வந்துடுவா, பாவம் அவளுக்கே ஆயிரம் வேல. அதானே? நாய்க்கு முன்னங்கால் வலிச்சதுக்கா சார் லீவு போட்டுட்டு ஓடி வருவா?

ஒண்ணு சொல்றேன், பதறாம கேளுங்க. நாய்க்கு வேர்க்காது. பாதத்துல லேசா ஈரமாகும், அதோட சரி. சட்டை முதுகோட ஒட்டிக்கிற அளவுக்கு வேர்க்கணும்னா முதல்ல சட்டைன்னு ஒண்ணு இருக்கணும்ல. ஜாக்கிக்கு வேர்க்குதுன்னு நீங்க சொன்னதும் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. ஜாக்கியக் கெட்டியாப் பிடிச்சுக்குங்கன்னு சொல்லி உங்க மணிக்கட்டையும் சேத்துப் பிடிச்சேன்ல, அப்பவே உங்க நாடியப் பாத்துட்டேன். மருந்து தேடறேன்னு உள்ள போயி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அப்புறம் உங்க பொண்ணுக்கு. தடுப்பூசிக்கு எப்பவும் அவதானே ஜாக்கியக் கூட்டிட்டு வருவா, நம்பர் இருக்கு. கம்பவுண்டர் மருந்துக்கெல்லாம் போகல, வண்டிக்கு வழி காட்டத் தெருமுனையில நிக்கறாரு. எனக்கும் பயம்தான் சார். பயந்தா எனக்கு வாய் நிக்காது, எங்க வீட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க.

கோவிச்சுக்குங்க, பரவால்ல. குணமாயி வந்து நல்லாத் திட்டுங்க. வாயில்லா ஜீவனுங்களையே பாத்துப் பழகினவ நான். வாய வெச்சுக்கிட்டு ஒரு நாய விட்டுப் பேச வெச்சது நீங்க ஒருத்தர்தான்.

இதோ, வந்துட்டாங்க. சத்தம் போடாம வாங்கன்னு நான்தான் சொன்னேன், இல்லன்னா பின்பக்கமா நழுவிடுவீங்க. நீங்க நடக்கவே கூடாது, அவங்களே தூக்கிக்குவாங்க. பொண்ணு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்னா. அழுதா, ஆனா உங்க மேல கோவமில்ல. ஜாக்கி என்கிட்டயே இருக்கட்டும். நீங்களே நேர்ல வந்து கேட்டாத்தான் தருவேன். வேற யார் வந்தாலும், உங்க பொண்ணே வந்தாலும் தர மாட்டேன். புரியுதா?

ஒரே ஒரு விஷயம் சார். அங்க டாக்டர் என்ன பண்ணுதுன்னு கேப்பாரு. எங்க ஜாக்கிக்குன்னு ஆரம்பிச்சுடாதீங்க, அவருக்கு நாய் வைத்தியம் தெரியாது. எனக்குன்னு சொல்லணும். எங்க, இப்ப ஒரு தடவ சொல்லுங்க பாப்போம். எனக்கு...

ம், அப்படித்தான். எனக்கு இடது...

கை சார். முன்னங்கால் இல்ல, கை.