முச்சந்தியில் கொள்ளைக்காரர்கள்

– எல்லாத்தையும் வாரி டப்பாவுல போடுங்க. இது நான் துணி வெட்டுற மேஜை. பொம்ம வெச்சு விளையாடுற எடம் இல்ல.

– கொஞ்சம் பொறும்மா.

– எதுக்குப் பொறுக்கணும்? நாளைக்குக் காலைல உங்க கம்பெனில விசாரணை. வேல நிக்குமா போகுமான்னு தெரியல. வீட்டுக்காரர் என்னடான்னா பிளாஸ்டிக் கட்டைய அடுக்கிட்டு உக்காந்திருக்காரு. வெளிய தெரிஞ்சா கைகொட்டிச் சிரிப்பாங்க.

– அக்கா, மாமாவ ஏன் திட்டுற? ஆர்டர் போட்டது நான்.

– உன்னையும் சேத்துத்தான்டி திட்டுறேன். தனியா வேற திட்டணுமா? கட்டைய மாட்டுற இந்தப் பலகையப் பாரு. ஒரு ஓரத்த அமுக்குனா இன்னொரு ஓரம் எழும்பி நிக்குது. ஊஞ்சலா இது?

– வெயில்ல வந்திருக்கும் போல. வளைஞ்சிடுச்சு.

– வெயில் மேல பழியப் போடு. வாங்கும்போதே பாத்து வாங்குறதுக்கு என்ன?

– பெரிய கம்பெனிப் பலகை வாங்க வசதி இருந்தா நான் ஏன்க்கா பேர் தெரியாதவன்கிட்டப் போறேன்? எல்லாக் கட்டைக்கும் பொருந்தும்னு ஆன்லைன்ல போட்டிருந்தான். நல்லா இருக்குன்னு அத்தன பேர் எழுதியிருந்தாங்க.

– அத்தன பேரும் அவன் சொந்தக்காரங்களா இருப்பாங்க.

– பொருந்துதும்மா. சிலது பொருந்துது. கட்டைவிரலால நல்லா அழுத்துனா நிக்குது. பாரு.

– நிக்குதா? கைய எடுங்க பாப்போம். ஆங். விழுந்துடுச்சு. நல்லா நின்னுச்சு.

– அது அந்தக் கட்டை சரியில்ல.

– கட்டைய விடுங்க. இந்த மனுஷங்களப் பாருங்க. ஏண்டி, நீ என்ன கேட்ட, அவன் என்ன அனுப்பியிருக்கான்?

– ரோட்ல போற வர்ற ஜனங்கன்னு போட்டிருந்தான்க்கா. படத்துல போலீஸ்காரர், டாக்டரம்மா, பைய மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு, எல்லாம் இருந்தாங்க.

– வந்தது?

– கடல் கொள்ளக்காரங்க.

– ஒருத்தனுக்கு ஒரு கண்ணு மூடியிருக்கு. இன்னொருத்தனுக்குக் கைக்கு பதில் கொக்கி. இவனுக்குத் தலையே இல்ல. இவங்கள எல்லாம் பஸ் ஸ்டாப்ல நிக்க வெச்சு, உங்க மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்வீங்க? பொதுமக்கள் வண்டிக்காகக் காத்திருந்தாங்கன்னா?

– நான் புகார் போட்டேன்க்கா. கலந்து கட்டித்தான் வரும், பக்கத்துக்குக் கீழயே எழுதியிருக்கோமேன்னு பதில் வந்துச்சு. போய்ப் பாத்தேன். எறும்பு சைஸ்ல எழுதியிருக்கான் பாவி. அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா...

– கெடச்சா என்ன பண்ணுவ? உனக்குக் கோவம் வர்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவன் மேலதான். ஹெவி லைசென்ஸ் டெஸ்ட் பக்கத்துல வந்துடுச்சு. அதுக்குப் படிக்கிறத விட்டுட்டு பொம்ம தேடிட்டிருக்க. மாமாவுக்கு வேல போனா உனக்கு யாருடி பஸ் ஓட்டச் சொல்லிக் குடுப்பாங்க?

– நான் டெஸ்டுக்குப் போகலக்கா.

– என்னது?

– போகல. எனக்கு பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். கம்பெனி ஷெட்டுல டீசல் போடுற வேலையே போதும்.

– கேட்டீங்களா? கேட்டீங்களா இவ பேசுறத? ரெண்டு வருஷமா என் உசுர வாங்கினா. பொம்பளப் புள்ள லாரியும் பஸ்ஸும் ஓட்டுறதான்னு கேட்டதுக்கு என்கூட மூணு நாள் பேசாம இருந்தா. நான் சரின்னு தலையாட்டின பின்னாடி இப்ப வேணாமாம். யார் வீட்டுக் கூத்துடி இது?

– அவள விடு. மனசு சரியில்ல. அப்புறம் போவா.

– நீங்க எப்பவும் அவளுக்கு வக்காலத்து. முதல்ல உங்களுக்கு யாராச்சும் வக்காலத்து வாங்கட்டும். உங்க தொழிற்சங்கத்துக்காரர் என்ன சொன்னாரு? நடந்தத ஒரு படமா வரைஞ்சு எடுத்துட்டு வாங்கன்னுதானே சொன்னாரு?

– வரைஞ்சேன்மா. போன தடவ கொண்டு போனேன். மேனேஜர் தலைகீழாப் புடிச்சுப் பாத்துட்டு, எது பஸ்ஸு எது லாரின்னு கேட்டாரு. எனக்கே தெரியல.

– வாயால சொல்ல வேண்டியதுதானே?

– நாலு பேர் முன்னாடி எனக்கு வாய் எங்க வருது? ஆமாங்க சார், ஆமாங்க சார்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பின்னாடிதான் அவர் என்ன கேட்டாருன்னே புரிஞ்சுது.

– ஆமாங்க சார்னு சொன்னீங்க, மொத்தப் பழியையும் தூக்கி உங்க தலைல வெச்சுட்டாங்க. இத்தன வருஷம் ஒரு கீறல் விழாம ஓட்டின கை. எனக்கு அத நெனச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. அந்தக் கம்பெனிய விட நீங்க பேசாம வர்றீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம்.

– அதுக்குத்தான் இது. கையால காட்டுனா எனக்கு வாய் தானா வரும். இவதான் யோசன சொன்னா. இந்தப் பலகை மேல முச்சந்திய அப்படியே வெச்சிட்டா, லாரி எங்க நின்னுச்சு, பஸ் எப்படித் திரும்புச்சுன்னு அவங்களே பாத்துக்கலாம்ல?

– சரி. காட்டுங்க.

– இப்பவா?

– இப்பத்தான். நான்தான் மேனேஜர். எனக்குப் புரிஞ்சா அவருக்குப் புரியும். ஏண்டி, துணில கோடு போடுற சாக்பீஸ எடு, ரோடு போடலாம்.

– சாக்பீஸ் பிளாஸ்டிக்ல ஒட்டலக்கா. வழுக்குது.

– வெள்ள நாடா இருக்கு, அத ஒட்டு. நேரா ஒட்டு. இது என்ன, மெயின் ரோடா?

– ஆமா. இது மெயின் ரோடு. இது ஷெட்டுக்குப் போற சந்து. ஃபேக்டரி ஆளுங்கள எறக்கி விட்டாச்சு, வண்டி காலி. மெயின் ரோட்லேருந்து சந்துக்குத் திரும்பணும். இந்த மூலைல, நிறுத்தவே கூடாத எடத்துல, ஒரு லாரி நின்னுச்சு. லாரிக்கு எத வைக்கிறது?

– என் தையல் மெஷின் பாபின் டப்பாவ வைங்க. சரியா அதே எடத்துல வைங்க.

– இங்க. இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளி. ஆங்.

– இதுதான் உங்க பஸ்ஸா? கூரையக் காணோம்?

– கட்டை பத்தலக்கா. கூரை இல்லாட்டி உள்ள யார் இருக்காங்கன்னு நல்லாத் தெரியும்னு மாமாதான் சொன்னாரு.

– டிரைவர் சீட்ல இது யாரு?

– நான்தான்.

– கொக்கிக் கையோடயா ஸ்டியரிங் புடிச்சீங்க?

– அது ஒண்ணுதான்மா உக்காருது. மத்ததுக்குக் கால் மடங்கல.

– எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கலாம்னு இருக்கு. சரி, சொல்லுங்க. அடிபட்ட அந்த பெயின்டர் எங்கேருந்து வந்தாரு?

– மெயின் ரோடு ஓரமா. சைக்கிள்ல. பின்னாடி பெயின்ட் டப்பா கட்டியிருந்தாரு. லாரிய ஒட்டி, கதவுப் பக்கமா வந்தாரு. லாரி மறைச்சதால பஸ்லேருந்து தெரியல. திரும்பும்போது முன் சக்கரம்... சைக்கிளத் தட்டிடுச்சு.

– இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஆகாதா? லாரி மறைச்சுது, தெரியல, அவ்வளவுதானே? நாளைக்கு நெஞ்ச நிமித்திச் சொல்லுங்க. ஒண்ணு சொல்லவா? அந்தாளும் பாத்து வந்திருக்கணும். குடிச்சிருப்பான், யார் கண்டா?

– ஏய்! அந்த மனுஷன ஒரு வார்த்த சொல்லாத.

– இப்ப எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?

– அவரு குடிக்கல. பாத்துத்தான் வந்தாரு. ஆஸ்பத்திரில கால்ல கம்பி வெச்சுக் கட்டிப் போட்டிருக்காங்க. இனிமே ஏணி ஏற முடியுமான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்குறாரு. அந்த நெலமைலயும் நான் போனா, உக்காருங்க தம்பின்னு சொல்றாரு. வண்டி திரும்புறதப் பாத்ததும் கையத் தூக்கினாரும்மா. இருங்க, இருங்கன்னு. உள்ளங்கை பூரா மஞ்சள் பெயின்ட்டு. இப்பவும் கண்ண மூடினா அந்தக் கைதான் நிக்குது. நான் நிறுத்து, நிறுத்துன்னு தொண்ட கிழியக் கத்தினேன். அதுக்குள்ள ஆயிடுச்சு.

– மாமா, போதும் மாமா. அக்கா, அவர விடேன்.

– இருடி. யாரப் பாத்துக் கத்தினீங்க?

– என்ன?

– நிறுத்துன்னு யாரப் பாத்துக் கத்தினீங்கன்னு கேக்குறேன்.

– அவரத்தான். சைக்கிள்ல வந்தவர.

– பிரேக் உங்க காலுக்குக் கீழ இருக்கு. நீங்க எதுக்கு அவர நிறுத்தச் சொல்லணும்?

– பதட்டத்துல கத்துறதுதான்மா. அப்ப என்ன யோசனையா வரும்?

– பதட்டத்துலதான் நிஜமான பேச்சு வரும். தெருவுல குப்ப அள்ள வர்ற சின்னப் பையனையே வாங்க போங்கன்னு கூப்பிடுற ஆள் நீங்க. நம்ம கல்யாணமான புதுசுல என்னையே ஒரு மாசம் வாங்கன்னீங்க. முன்ன பின்ன தெரியாத ஒரு பெரியவர நிறுத்துன்னா சொல்வீங்க? நிறுத்துங்கன்னுதான் உங்க வாயில வரும்.

– அத இப்ப ஏன் ஆராய்ச்சி பண்ற? மேஜைய ஒழிச்சுக் குடுக்கிறேன். உனக்குத் தைக்க வேண்டிய யூனிஃபார்ம் எல்லாம் கெடக்கு.

– கெடக்கட்டும். கைய எடுங்க அதுலேருந்து. ஏண்டி, அந்த நூல்கண்ட எடு.

– எதுக்குக்கா?

– எடுன்னா எடு. இதப் புடி. ஒரு நுனிய இந்த சீட்ல இருக்கிறவனோட கண்ணுகிட்ட வை. சைக்கிள்காரரு இங்கதானே? இதோ நான் இந்த நுனிய இங்க புடிச்சுக்கிறேன். இழு. நல்லா இழு. எங்கடி போகுது நூலு?

– டப்பாவுல முட்டுது.

– உரக்கச் சொல்லு.

– லாரில முட்டுதுக்கா.

– லாரி மறைக்குது. நீங்க சொன்னது சரிதான், சீட்லேருந்து ஒண்ணுமே தெரியாது. அப்ப அந்த மஞ்சக் கை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

– கண்ணாடில பாத்திருப்பேன்.

– கதவுப் பக்கக் கண்ணாடி உடைஞ்சு போச்சு, எழுதிக் குடுத்தும் மாத்த மாட்டேங்குறாங்கன்னு மாசக்கணக்கா என்கிட்டப் புலம்பினது யாரு? நானா?

– இல்ல, அது வந்து...

– நூல இப்படிக் கொண்டு வாடி. கதவுப் படிக்கட்டுல வை. இழு. பாத்தீங்களா? எதுலயும் இடிக்காம நேராப் போகுது. நீங்க படிக்கட்டுல நின்னுட்டு இருந்திருக்கீங்க. அங்கேருந்து வழி காட்டிட்டு இருந்திருக்கீங்க.

– நீ கம்முன்னு இருக்கியா கொஞ்சம்?

– எப்படிங்க இருப்பேன்? செய்யாத தப்ப நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க. அக்கம்பக்கத்துல என்னைப் பாத்தா, கால ஒடச்சவன் பொண்டாட்டின்னு பேசுறாங்க. ராத்திரில நீங்க தூங்காம உக்காந்திருக்கீங்க, வேல போகப் போகுதேன்னு கவலப்படுறீங்கன்னு நானும் கூடவே முழிச்சிருந்தேன். உங்களத் தூங்க விடாதது இதுதானா? எவனக் காப்பாத்துறீங்க? எந்தக் கூட்டாளிய? அவன் வீட்டுல நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்குறான், நீங்க இங்க பொம்ம அடுக்குறீங்களா?

– அப்படியெல்லாம் பேசாத. அதுவும் தூங்கல.

– அதுவா? யாரு தூங்கல?

– தெரியாம வாயில வந்துடுச்சு.

– இன்னிக்கு எல்லாமே உங்களுக்குத் தெரியாமத்தான் வருது. லைசென்ஸ் இல்லாத ஆள ஓட்ட விட்டீங்களா? அதுதான் பயமா? யாருன்னு சொல்லுங்க. நாளைக்கு நீங்க சொல்லாட்டி நான் வந்து சொல்வேன். மேனேஜர் முன்னாடி இதே பலகைய வெச்சு, இதே நூல இழுத்துக் காட்டுவேன்.

– சொல்லிட்டு? ரெண்டு பேர் பொழப்பு தெருவுக்கு வரட்டும்னு சொல்றியா? ஓட்டக் குடுத்தது என் தப்பு. கையில வண்டியக் குடுத்தவன்தான் பதில் சொல்லணும். அத நான் சொல்லிட்டுப் போறேன். விட்டுடு.

– விட மாட்டேன். என் புருஷன் தலைல கால வெச்சு ஒருத்தன் தப்பிச்சுப் போறத நான் பாத்துட்டு இருக்க மாட்டேன். ஏண்டி, நீ ஏன் இப்படி இழுக்குற? நூல் அறுந்துடப் போகுது. நீ அன்னிக்கு ஷெட்டுலதானே இருந்த? சத்தம் கேட்டு பம்ப்ப விட்டுட்டு ஓடினேன்னு சொன்னியே. போய்ப் பாத்தப்ப சீட்ல யாருடி இருந்தா?

– பாப்பா, நீ உள்ள போ.

– அவ போக வேணாம். நீங்க ஏன் அவள வெரட்டுறீங்க? சொல்லுடி. உன்னத்தான் கேக்குறேன். யார் இருந்தது?

– மாமாவ எடுத்துட்டு, அந்த சீட்ல என்னை உக்கார வை அக்கா.