செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு தூக்கம்

இல்ல அண்ணாத்தே, மீன் புடிக்கல்லாம் வர்ல. சும்மாதான் குந்திகினு கீறேன். நீ பாட்டுக்கு தூண்டில போடு, நான் சத்தம் போட மாட்டேன். கரைக்கு கீழ நிக்குது பாரு ஆட்டோ, அது நம்மளுதுதான்.

அம்பத்தூர்லேர்ந்து வரேன். இங்கதான், பக்கத்துல, என் தங்கச்சி ஷர்மிளா ஊடு. அவள கூட்டினு வர சொல்லி எங்க அண்ணன் அனுப்புச்சாரு. மூணு மணிக்குள்ள வந்து சேருடான்னாரு. வானகரத்துல ஒரே டிராபிக்கு, குமணஞ்சாவடில அத்த உட மோசம். வெயில்ல மண்ட காஞ்சி போச்சி. கொஞ்சம் மூஞ்சி கழுவிகினு போலாம்னுதான் கரைல ஏறுனேன். தண்ணிய பார்த்தேன். காத்து வந்துச்சி. அஞ்சே நிமிசம்னு சாஞ்சேன் அண்ணாத்தே. கண்ண தொறந்தா வெயிலு அந்தாண்ட எறங்கிடுச்சி.

சிரிக்காத. இந்த மாரி தூங்கி எவ்ளோ வருசம் ஆவுதுன்னு உனுக்கு தெரியாது. எங்க நைனாக்கு கை கால் இசுத்துகினு படுத்த படுக்க. அண்ணன் கல்யாணம் பண்ணிகினு தனியா கீறாரு. அள்ளி போடறது, கழுவறது, பொரட்டி படுக்க வெக்கறது எல்லாம் நான்தான். எனுக்கா? கல்யாணம் இன்னும் ஆவல. இந்த ஊட்ல எவ வந்து குந்துவா? ராத்திரில டேய் பூபாலான்னு கொரல் வரும், எந்திரிப்பேன். இப்ப கொஞ்ச நாளா என் பேரு கூட இல்ல. ஷர்மிளா வந்துட்டாளா, ஷர்மிளா வந்துட்டாளான்னு அதே கேள்விதான்.

அவ ரிச்சர்டுன்னு ஒரு கிறிஸ்டீன் பையன கட்டிகினா. தங்கமான பையன். நைனாதான் என் வாசப்படி மிதிக்காதன்னு வெரட்டி உட்டாரு. படுத்தப்புறம் மனசு எளகிச்சி. ஆனா வாய தொறந்து வான்னு சொல்லி அனுப்ப மாட்டாரு. அவளா வரணுமாம். அவ இன்னாடான்னா நைனா கூப்ட்டாதான் வருவேன்னா. ரெண்டும் ஒரே அச்சு. நடுவுல மாட்டிகினவன் நானு.

கோவம் இல்லாம இருக்குமா? கழுவறவன் ஒருத்தன், தேடறது இன்னொருத்திய. ஆனா சத்தியமா சொல்றேன், கோவத்துல இங்க நிக்கல. தண்ணி அவ்ளோ அமைதியா கீது. மனசுல ஒண்ணுமே இல்ல, பஞ்சு மாரி கீது. அதான் என்ன அறுக்குது. போயும் போயும் இன்னிக்கா இப்டி லேசாவணும்?

போன்ல சொல்லிருக்கலாமேன்னு ஈசியா கேட்டுட்ட. எங்க ஜனங்கள்ல அந்த பழக்கம் இல்ல அண்ணாத்தே. பொறந்த ஊட்டு சாவு சேதிய பொண்ணுக்கு போன்ல சொல்ல கூடாது. கூடப்பொறந்தவன் நேர்ல போயி, பக்கத்துல குந்தி சொல்லி, கையோட கூட்டியாரணும்.

ஆமா, அதுக்குதான் வந்தேன். நைனா காலைல போய்ட்டாரு. டீய ஆத்தி எடுத்துகினு போயி எழுப்பனேன். எந்திரிக்கல.

எரிமேடைல நாலு மணிக்கு டைம் குடுத்தாங்க. உட்டா நாளைக்குதான்னுட்டாங்களாம். போனு வண்டிலயே கெடந்துச்சி. அண்ணன் அடிச்சி அடிச்சி பார்த்துட்டு, இன்னா பண்ணுவாரு, நைனாவ எடுத்துட்டாரு. நான் எந்திரிச்சி கீழ போயி போன் போட்டப்பதான் சொன்னாரு. இத்தினி நாளு குளிப்பாட்டுனவன், கடைசி குளியலுக்கு நான் இல்ல. அவளும் மொகத்த பாக்கல.

இன்னும் ஒண்ணும் தெரியாம ஊட்ல துணி மடிச்சிகினு இருப்பா. போயிதான் ஆவணும். வழில வண்டி நின்னு போச்சின்னு சொன்னா நம்பிடுவா, என்ன அவ்ளோ நம்புவா.

அண்ணாத்தே, இப்டி கொஞ்சம் திரும்பு. என் மூஞ்ச பார்த்து உண்மைய சொல்லு. நல்லா தூங்கி எந்திரிச்சவன் மாரி தெரியுதா?