சப்பரத்துக்கு அடியில் இன்னொரு குரல்

சும்மாடு கட்டுவது பார்க்கத்தான் சுலபம், மேடம். ஒரு கோணித்துணி, அதன் விளிம்பில் பஞ்சு அடைத்த ஒரு சுருள், அவ்வளவுதான். ஆனால் தனக்குத்தானே ஒருவன் அதை ஒழுங்காகக் கட்டிக்கொள்ள முடியாது. பின்னால் இன்னொருவர் நின்று இழுத்துச் சுற்றிவிட வேண்டும். எங்கள் பங்குக் கோவிலில் மாதாவின் சப்பரத்தைத் தூக்குகிற முப்பது பேருக்கும் இருபத்திரண்டு வருடமாக நான்தான் கட்டிவிடுகிறேன். குனிந்தால் கழுத்துக்கு அடியில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்குமே, மேலிருந்து ஏழாவது, அதன்மேல்தான் சுருள் உட்கார வேண்டும். ஒரு விரல் மேலே போனால் ஒரு வாரம் வலிக்கும். இரண்டு விரல் மேலே போனால் என்ன ஆகும் என்பதைப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் நானே சொல்லிக்கொடுப்பேன்.

கட்டிவிடுவது மட்டுமில்லை. சப்பரத்துக்குக் குரல் கொடுப்பவனும் நான்தான். மாதாவின் சுரூபம், வெள்ளி விளக்குகள், பூ எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு கிலோ. நாலு பக்கமும் வெல்வெட் திரை தரைவரை தொங்கும். உள்ளே ஆறு குறுக்குக் கட்டைகள், கட்டைக்கு ஐந்து பேர், பின்கழுத்தில்தான் தாங்குவார்கள். அவர்களுக்கு வெளிச்சம் கிடையாது, தெரு தெரியாது, முன்னால் நிற்பவனின் முதுகு மட்டும்தான். வெளியே நான் சுத்தியலால் மூன்று தட்டு தட்டினால், மூன்றாவது தட்டுக்கு முப்பது பேரும் ஒரே எம்பாக எம்பித் தூக்குவார்கள். இடது என்றால் இடது. வலது என்றால் வலது. நில் என்றால் ஒரு கால் தரையில் படாமல்கூட நிற்பார்கள். இந்த ஊரில் மேயர் பேச்சை யாரும் கேட்பதில்லை, பாதர் பேச்சைப் பாதிப் பேர் கேட்பார்கள். என் பேச்சைக் கேட்காதவர் இல்லை.

அமாதோரைப் பற்றித் தவறாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பார்களில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். முப்பத்து நாலு வயது. இருபதில் என்னிடம் சேர்ந்தான். மூன்றாவது கட்டையில் நடு ஆள். நல்ல தோள், கலகலப்பான வாய். ஆகஸ்ட் மாத ஒத்திகைகளில் சுரூபத்துக்குப் பதிலாக சிமெண்ட் மூட்டைகளை ஏற்றித் தெருத்தெருவாக நடப்போம். உள்ளேயிருந்து குண்டன் பசிலியோ கத்துவான், "தலைவரே, பசிக்குது! ஒரு பீராவது உள்ள தள்ளுங்க!"

"உன் வயித்தத் தூக்கவே தனியா நாலு பேர் வேணும்டா," என்று அமாதோர் சொல்வான். சப்பரமே சிரிப்பில் ஆடும். நானும் சிரிப்பேன். எனக்கு அவனைப் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆகஸ்டில்தான் கவனித்தேன். செருப்புத் தைப்பவர் தெரு முனை இருக்கிறதே, வலப்பக்கம் திரும்பும் அந்த இடம், அங்கே என் குரல் முடிவதற்குள் சப்பரம் திரும்ப ஆரம்பித்தது. ஒரு நொடிதான். வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் சொந்த வீட்டில் நாற்காலி நகர்ந்திருந்தால் நமக்குத் தெரியுமில்லையா, அப்படி.

மறுநாள் ஒரு சோதனை வைத்தேன். அதே முனையில், வேண்டுமென்றே, "இடது" என்று சொன்னேன். வேண்டுமென்றே என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், மேடம். இடது பக்கம் சுவர்தான் இருக்கிறது. என் சொல் கேட்பவர்கள் என்றால் நேராகப் போய் முட்டியிருக்க வேண்டும். சப்பரம் வலது பக்கம் திரும்பியது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு. முப்பது பேரில் ஒருவன் கால்கூடத் தடுமாறவில்லை.

கைதட்டினார்கள். "பிரமாதம் தலைவரே," என்றான் பசிலியோ. அந்தப் பிரமாதத்தை அவன் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன். திரையை ஒட்டி நடந்தேன். நாலாம் நாள் கேட்டது. உள்ளேயிருந்து, மெதுவாக, பல்லிடுக்கில் பேசுகிற மாதிரி ஒரு குரல். "வலதுடா பசங்களா, வலது. மெதுவா." அமாதோர்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு சப்பரத்துக்கு ஒரு குரல்தான் இருக்க முடியும். அடியில் இன்னொன்று முளைத்துவிட்டால் வெளியே நிற்பவன் வெறும் பொம்மை.

பிறகு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த ஆரம்பித்தது. பாதர் அனிசேத்தோ ஒரு நாள் பூசை முடிந்ததும் என் தோளில் கைபோட்டார். "எலாதியோ, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி. சதுக்கத்துல சோறு வேகுற எடத்துல நிழலா ஒக்காந்துக்கோங்களேன். பவனிய பசங்க பாத்துக்குவாங்க."

"எந்தப் பசங்க, பாதர்?"

"சும்மா பொதுவாச் சொன்னேன்," என்றார். பொதுவாகச் சொல்கிறவர் எதற்காகக் காதுவரை சிவக்க வேண்டும்?

என் மனைவி ரெமேயும் அந்தச் சதியில் இருந்தாள். வீட்டில் துண்டுச் சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்திருந்தாள். அடுப்பு மேலே 'கேஸை மூடு'. கதவில் 'சாவி'. என்னைப் பைத்தியக்காரனாக ஊருக்குக் காட்ட அதைவிடச் சுலபமான வழி வேறென்ன? சாவியை அவளே எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டு என்னைத் தேடவிட்டாள். ரொட்டிப் பெட்டிக்குள் என் சாவி எப்படிப் போகும், நீங்களே சொல்லுங்கள்.

"எலாதியோ, செவியா டவுன்ல ஒரு டாக்டர் இருக்காராம். சும்மா ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?"

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லப்பா. ஐஸ்கிரீம் சாப்டுட்டு வருவோம். நாம வெளிய போயி எவ்வளவு நாளாச்சு?"

நான் போகவில்லை. போயிருந்தால் அந்த ஒரு நாளில் என் சுத்தியல் கைமாறியிருக்கும்.

கடைசியாகச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்ததும் அவள்தான். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், அமாதோரின் பட்டறைப் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று நினைவில்லை, அது முக்கியமும் இல்லை. உள்ளே அவள் குரல். "அவருக்குத் தெரியவே கூடாது அமாதோர். இந்த வருஷம் மட்டும் எப்படியாவது பாத்துக்க."

"நான் இருக்கேன்ல அக்கா. உள்ளேருந்து நான் பாத்துக்கறேன். வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"உனக்கு மாதா நல்லது செய்வா."

வீட்டுக்குப் போய் முப்பது சும்மாடுகளையும் எடுத்து வெயிலில் உலர்த்தினேன். அமாதோருடையதில் சுருளைப் பிரித்து, புதுப்பஞ்சு வைத்து, கொஞ்சம் இறுக்கமாக, கொஞ்சம் குறுகலாகத் தைத்தேன். குறுகலாக இருந்தால் பாரம் பரவாது. ஒரே இடத்தில் இறங்கும்.

அவனுக்குக் கழுத்து வலித்தால் போதும், ஒரு நாள் வாய் மூடிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று உங்கள் போலீஸ்காரரிடம் சொன்னேன். அது சரியில்லை. இன்று திருத்திக்கொள்கிறேன்.

திருவிழா அன்று காலை பத்து மணிக்குப் பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் கட்டிவிட்டேன். அமாதோரைக் கடைசியாகக் கூப்பிட்டேன். "இன்னிக்கு நீ முதல் கட்டையில நில்லு. முனையில."

"முதல் கட்டையா? அங்க எல்லாம் குள்ளப் பசங்களாச்சே தலைவரே."

"எனக்குப் பக்கத்துல நம்பிக்கையான ஆள் வேணும்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது, மேடம். உயரத்தை அளந்து கட்டை பிரிப்பதும் என் வேலைதான். ஒரே கட்டையில் ஒருவன் மட்டும் இரண்டு விரல் உயரமாக இருந்தால் மற்ற நாலு பேரின் கழுத்தையும் கட்டை தொடாது, பாரம் முழுக்க அவனுடையது. அது அவனுக்கும் தெரியும். இருந்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் சும்மாட்டை வைத்து இழுத்துச் சுற்றினேன்.

"கொஞ்சம் மேல நிக்குற மாதிரி இருக்கே?"

"புதுப்பஞ்சு. நடக்க நடக்க எறங்கிடும்."

"நீங்க சொன்னாச் சரிதான்," என்றான். பிறகு திரும்பி, "தலைவரே, இன்னிக்கு நீங்க எதுக்கும் டென்ஷன் ஆவாதீங்க. ஜம்முனு நடத்திடலாம்," என்று என் சட்டைக் காலரைச் சரி செய்தான்.

கோவில் வாசலில் முதல் தூக்கு மெதுவாகச் செய்வது. வாசல்நிலை உயரம் குறைவு, எம்ப முடியாது. அதனால் அது நன்றாகவே போனது. மருந்துக்கடைக்கு முன்னால் நிழலில் சப்பரத்தை இறக்கினோம். இரண்டாவது தூக்குதான் எம்பித் தூக்குவது. ஊரே அதற்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தூக்கையும் யாருக்காவது ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். நான் சொன்னேன், "இது அமாதோருக்காக. உள்ளே இருந்துகொண்டு இவ்வளவு உழைக்கிறவனுக்காக." உள்ளேயிருந்து எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். "நன்றி தலைவரே," என்றான். அதுதான் அவன் பேசிய கடைசிச் சொல்.

மூன்று தட்டு தட்டினேன்.

சப்பரம் எழுந்தது, முன்மூலை மட்டும் ஒரு சாண் தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. மாதா குனிந்து தங்களைப் பார்த்ததாக நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். சில பெண்கள் அழுதார்கள். நான் அவசரப்படவில்லை. இறக்கு என்று சொல்லி, திரையை விலக்கி, அவனை வெளியே எடுக்கச் சொன்னேன். மயக்கம், வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். அவன் கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு பாதர் கையைப் பிசைந்தார். மாதாவை நடுத்தெருவில் விட முடியாது, சதுக்கம்வரை கொண்டுபோய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். நானூறு பேருக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது, அதையும் பார்க்க வேண்டுமில்லையா.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். அமாதோரைக் கொன்றது நான். சுருளை இரண்டு விரல் மேலே வைத்ததும், முதல் கட்டைக்கு மாற்றியதும், தட்டியதும் நான். வேறு யாருக்கும் தெரியாது. அவன் மனைவியை வெளியே வராந்தாவில் பார்த்தேன். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவளிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, நானே சொல்கிறேன். எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்கிறவன் நான்.

ஆனால் ரெமே விஷயத்தை என் தலையில் போடாதீர்கள்.

அவள் மெழுகுவர்த்தியோடு சப்பரத்துக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தாள். வருடாவருடம் அங்கேதான் நடப்பாள். செருப்புத் தைப்பவர் தெரு முனையில் சப்பரம் வலது பக்கம் திரும்பாமல் இடது பக்கம் போய் அவளைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது என்றால் அது தூக்கினவர்களின் தவறு. இடுப்பெலும்பு மூன்று துண்டு என்று டாக்டர் சொன்னார். இனி நடக்கமாட்டாள். என்னைப் பார்க்கவும் மாட்டேன் என்கிறாளாம்.

பசிலியோ மருத்துவமனையில் என் சட்டையைப் பிடித்தான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். "யோவ், ரெண்டு வருஷமா நீ எடம் வலம் தெரியாம ஒளறிட்டிருக்கய்யா! நீ எடதுன்னா, அவன் உள்ளேருந்து வலதுன்னு மாத்திச் சொல்லுவான். வெளிய வந்தா 'தலைவர் பிரமாதமாத் திருப்பினார்'னு சொல்லணும்னு எங்க எல்லார்கிட்டயும் மாதா மேல சத்தியம் வாங்கிருந்தான். உன் வீட்டுக்காரி அவன் கையப் புடிச்சி அழுதா, உன் மானம் போயிடக் கூடாதுன்னு. இன்னிக்கு மாத்திச் சொல்ல ஆளில்ல. நீ சொன்னபடியே திருப்பினோம்!"

துக்கத்தில் இருப்பவன் ஆயிரம் பேசுவான்.

அந்த முனையில் நான் வலது என்றுதான் சொன்னேன். எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அமாதோர் இல்லாமல், இருபத்து ஒன்பது பேரும் முதல்முறையாக என்னை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன். என் குரல் நன்றாக, கணீரென்று இருந்தது.

நீங்கள் அந்த போன் வீடியோவை இத்தோடு மூன்று தடவை போட்டுவிட்டீர்கள். சப்பரம் தெரிகிறது, ரெமேயின் மெழுகுவர்த்தி தெரிகிறது, வாயைத் திறந்துகொண்டு நானும் நிற்கிறேன். மறுக்கவில்லை. நாலாவது தடவை வேண்டுமானாலும் போடுங்கள். "இடது" என்று அதில் கேட்கிறதே, அது என் குரல் இல்லை, மேடம்.