சுசிலாவின் பயம் வரைந்த கோடு

மனிதகுலத்தின் அச்சத்தை அளந்து படமாக்கிய முதல் தமிழன் நான். அளந்த இடம் முல்லைத்தீவில், முன்பு கோழித்தீன் கடையாக இருந்த ஓர் அறை. மழை பெய்தால் இன்னமும் அந்த மணம் வரும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, கொஞ்சம் விஞ்ஞானம் சொல்ல வேண்டியிருக்கிறது. பயம் வந்தால் உடம்பு கோர்ட்டிசோல் என்றொரு ஓமோனைச் சுரக்கும். அது இரத்தத்தோடு மூளைக்குப் போய் அங்குள்ள மின்னோட்டத்தைக் குழப்பும். வலிப்புக்காரருக்கு அந்தக் குழப்பமே வலிப்பாகலாம். புத்தகத்தில் உள்ளதைச் சொன்னால் யாரும் பொன்னாடை போர்த்த மாட்டார்கள். தலையில் வயர் ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தை மெசின் கோடாக எழுதிய படம் வேண்டும். கொழும்பு மாநாட்டு அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று, எனக்கில்லாத பட்டத்தைத் தவறுதலாக அடித்திருந்தார்கள். நான் திருத்தவில்லை.

சுசிலா, கடலுக்குப் போகிற யாகப்புவின் மனைவி. அவாவுக்கு வலிப்பு இருந்தது. குளிசை போட்டால் வராது. சில நாள் குளிசையை நிறுத்தச் சொன்னேன். "சேர் சொன்னாச் சரிதானே," என்றா. இப்படியானவர்கள் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி.

அளக்கும் நாளில் அவா தலை நிறைய எண்ணெயோடு வந்தா. "பெரிய இடத்துக்கு வாறனெண்டு வடிவா இழுத்துப் பின்னினனான், சேர்."

என் உதவியாளர் கஜேந்தினி முகம் சுளித்தாள். "எண்ணெய்த் தலையில வயர் பிடிக்காது, சேர். முழுகிப்போட்டு நாளைக்கு வரட்டும்."

"நாளைக்கு நான் கொழும்பு பஸ் ஏற வேணும். ஒட்டு, பிள்ளை."

"என்ர மண்டைக்குள்ள மீன் விலையை விட்டா ஒண்டும் ஓடாது, சேர்," என்று சுசிலா சிரித்தா. வியர்க்கக் கூடாதென்று ஃபானை நான்தான் போட்டுவிட்டேன். திரையில் கோடுகள் நெருக்கமாக, ஒரே சீராக ஓடின.

பிறகு சொன்னேன்: "யாகப்புவின்ர படகு கவிண்டுட்டுதாம். ஆளைக் காணேல்லையாம்."

யாகப்பு கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். வரும் வழியில் கண்டு கையும் காட்டியிருந்தேன்.

சுசிலா கத்தவில்லை. "அவருக்கு நீந்தத் தெரியும், சேர்," என்று மெதுவாகச் சொன்னா. பிறகு வலிப்பு வந்தது.

கஜேந்தினி ஆஸ்பத்திரிக்குப் போன் அடிக்கப் போனாள். போனை வாங்கி என் சட்டைப் பையில் வைத்தேன். அரைகுறைப் படத்தை எந்த மாநாடும் ஏற்காது. வலிப்பு நிற்கவில்லை, நானும் மெசினை நிறுத்தவில்லை. அம்புலன்ஸை நான் கூப்பிட்டபோது அவசரமொன்றும் இருக்கவில்லை.

அவாமேல் எனக்குக் கோபமில்லை. படத்துக்குக் கீழே நன்றி என்று அவாவின் பெயரைப் போட்டேன். நான் பொய் சொல்லுமுன்னும் சொன்ன பின்னும் கோடு ஒன்றுபோலவே இருந்ததற்கு 'தொடர் அச்சம்' என்று பெயர் வைத்தேன். கொழும்பில் சபை கை தட்டியது. பொன்னாடையும் கிடைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு வயதான டொக்டர் அம்மா வந்து படத்தை உற்றுப் பார்த்தா. "தம்பி, அறையில ஃபான் ஓடினதோ?"

"ஓம்," என்றேன்.

வயர் தோலில் பிடிக்காவிட்டால் மெசின் அறையிலுள்ள கரண்டைத்தான் எழுதுமாம்.

சுசிலாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கோ. விஞ்ஞானத்துக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.

அந்தக் கோடு ஃபானுடையது.