வலது பக்கத்துப் பொத்தான்

ஹலோ... ஹலோ... ஆமா, ஆஸ்பத்திரிதான். கம்ப்யூட்டர் ரூம்தான்... வாட்ச்மேன் பேசறேன். வேற யாரு இந்தக் குளிர்ல உக்காந்து இரும்புப் பொட்டிக்குக் காவல் இருப்பாங்க?... ஓ, நம்ம பெரிய டாக்டர் மாப்பிள்ளை சாரா! சொல்லுங்க, சொல்லுங்க. ஒம்பது மணிக்கே முழிப்பு வந்துடுச்சா?...

ஆபீஸ்லயா இருக்கீங்க? பின்னாடி பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குதே... சரி சரி, ஆபீஸ்னே வெச்சுக்கறேன்.

ஆமா... ஆமா, வந்துச்சு. தினமும் வர்ற அதே நீலக் கட்டம்தான். இடது பக்கம் ஒரு பொத்தான், வலது பக்கம் ஒரு பொத்தான்... தெரியும் சார். இடது பக்கத்தை அமுக்கணும். ரெண்டு வருஷமா காலைல வந்து பல்லுகூட சரியா விளக்காம அதைத்தானே அமுக்கறேன்... இல்ல, இருங்க. ஒரு விஷயம் கேக்கணும்...

அவசரம் உங்களுக்கு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?... "உங்களுக்குப் புரியாது"ன்னு அன்னிக்கும் இதைத்தான் சொன்னீங்க. புரியாதுன்னு ஒருத்தன் சொன்னா நான் சும்மா விடமாட்டேன் தம்பி. அதனால அந்த இங்கிலீஷ் எழுத்தை அப்படியே பாத்து ஒரு காகிதத்துல வரைஞ்சேன். கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு, கொக்கி மாதிரி ஒண்ணுன்னு, ஒண்ணு விடாம. மேல்மாடி நர்சம்மாகிட்ட காட்டினேன்... ஏன் காட்டக்கூடாது? அவங்க சொன்னதையும் நான் நம்பிடல. தனியா மருந்துக்கடைக்காரர்கிட்டயும் காட்டினேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க.

வலது பக்கம் "இப்பவே சரிபண்ணு." இடது பக்கம் "அப்புறம் பார்க்கலாம்."

ஹலோ?... இருக்கீங்களா?... பாத்திரம் விழுந்த சத்தம் வந்துச்சேன்னு கேட்டேன்.

அப்போ இந்தப் பொட்டி ரெண்டு வருஷமா தினமும் வந்து, "ஐயா, என் கதவுல தாழ்ப்பாள் கழண்டு கிடக்கு, மாட்டிக்கவா?"ன்னு கேட்டிருக்கு. நானும் "அப்புறம் வா, அப்புறம் வா"ன்னு துரத்தியிருக்கேன். நான்! கதவுக்குக் காவல் நிக்கறதுக்குன்னே சோறு திங்கறவன்! ஏன் சார், இந்த வேலைக்கு உங்களுக்கு ஆளே கிடைக்கலையா?...

ம்... ம்... அணைச்சுப் போட்டாத்தான் சரிபண்ண முடியுமா?... சரி... போன தடவை அணைச்சப்போ நாலு மணி நேரம் எழுந்திரிக்கலையா?... அதனால இனி அணைக்கவே வேணாம்னு விட்டுட்டீங்க. நல்லா இருக்கு! தூங்கினா செத்துப்போயிடுவோமோன்னு ரெண்டு வருஷமா கண்ணை மூடாம உக்காந்திருக்கிற ஆளு மாதிரி.

பெரிய ரோட்டு ஆஸ்பத்திரில போன வாரம் என்ன ஆச்சு, தெரியுமில்ல?... தெரியும், ஆனா?... எவனோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டருக்குள்ள பூந்து அத்தனையையும் பூட்டிட்டான். யாருக்கு என்ன வியாதி, எந்த ஊசின்னு தெரியாம நோயாளிங்களை வாசல்லயே நிறுத்தி வெச்சாங்க. அங்கேயும் ஒரு மாப்பிள்ளை இருந்திருப்பாருபோல.

என்னது?... எந்தச் சீட்டு?... ஓ, பொட்டி மேல நீங்க ஒட்டினதா? அம்புக்குறி போட்டு, "தினமும் காலை இதை மட்டும் அமுக்கவும்"னு... ஆமா, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கீழ உங்க கையெழுத்தும் அழகா இருக்கு... கிழிச்சுப் போடணுமா?... ஏன் சார், ரெண்டு வருஷம் ஒட்டியிருந்தது இன்னிக்கு மட்டும் உறுத்துதா?...

பத்து மணிக்கு யாரு வர்றாங்க?... சோதனை போடறவங்களா? ஆகா. மாமனார்கிட்ட மாசாமாசம் "எல்லாம் சரிபண்ணியாச்சு"ன்னு எழுதிக் கொடுத்தீங்களா?... அடேங்கப்பா. பெரிய டாக்டர் அதை நம்பிப் பொண்ணை வேற கொடுத்திருக்காரு.

நான் என்ன சொல்லணும்?... "தெரியாம அமுக்கிட்டேன்"னா?... படிக்காத கிழவன், கை தவறிடுச்சுன்னா மன்னிச்சிடுவாங்களா?... ஒரு நாள் தவறினா சரி. ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமைகூட லீவு விடாம, அதே நேரத்துக்கு, அதே இடத்துலயா கை தவறும்?

சார், கொஞ்சம் நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!

என் வீட்டுக்காரி இப்போ மேல்மாடில படுத்திருக்கா. வாரத்துக்கு மூணு நாள், நாலு மணி நேரம், அவ ரத்தம் ஒரு மெஷினுக்குள்ள போயிட்டு வருது. எவ்வளவு தண்ணி எடுக்கணும், எந்த மருந்து அவளுக்கு ஆகாது, எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. ஆகாத மருந்து ஒரு தடவை ஏறி, அவ உதடு நீலமாப் போனதை நான் பாத்தவன். இதை எவனாவது பூட்டிட்டுப் போனா, நீங்க வந்து அவகிட்ட சொல்வீங்களா "அப்புறம் பார்க்கலாம்"னு?...

ம்... ம்... அழாதீங்க தம்பி. அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல. அந்தச் சீட்டு பத்திரமா இருக்கு... இங்க இல்ல. உங்க மாமனார் சட்டைப்பைல இருக்கு.

ஆமா, நேத்தே கொடுத்துட்டேன்... கத்தாதீங்க, காது வலிக்குது. அவருதான் நேத்து சாயந்தரமே ஒரு கம்ப்யூட்டர் அம்மாவைக் கூட்டிட்டு வந்தாரு. அந்த அம்மா எல்லாத்தையும் வேற பொட்டில நகல் எடுத்து வெச்சாங்க. இன்னிக்குப் படுக்கிறவங்க விவரத்தைக் காகிதத்துல எடுத்து மேல்மாடிக்கு அனுப்பிட்டாங்க. "காலைல கேட்டா வலது பக்கத்தை அமுக்குங்க ஐயா"ன்னாங்க. பத்து மணிக்கு வர்றதும் அவங்கதான்.

எட்டேமுக்காலுக்கே அமுக்கிட்டேன்.

இப்போவா? நூத்துக்குத் தொண்ணூத்தாறுல நிக்குது. ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு... நிறுத்த முடியாது சார். நிறுத்தற பொத்தானே காணோம். பாவம், ரெண்டு வருஷத்துப் பசி, ஒரே மூச்சா முழுங்குது...

பயமா? இருக்காதா பின்னே? எழுந்திரிக்கலேன்னா அந்த அம்மா நகலை வெச்சு எழுப்பிடுவாங்களாம். உங்களை யாரு எழுப்பறதுன்னுதான் தெரியல.

தொண்ணூத்தெட்டு... என்ன, போனை வைக்கணுமா? ஏன்?... இந்தப் போனும் இதுக்குள்ள இருந்துதான் ஓடுதா? அட, இதையாவது அந்தச் சீட்டுல எழுதியிருக்கக் கூடாதா?...

தொண்ணூத்தொம்பது... இருங்க, திரை கறுப்பாகுது... என்ன, மாமனார்கிட்ட உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசணுமா? இப்போ எதுக்கு சார் அவசரம்? அதை அப்புறம் பார்க்கலாம், அப்பு...