ஏழு பின் பிளக்கு

— திரும்பவும் பிளக்கு மாத்தணுமா, சொக்கண்ணே? நாலு பின் வேணாம்னு ஏழு பின் வாங்கிட்டுப் போனீங்க. இப்ப ஏழும் வேணாமா? இதுக்கு மேல பின் வெச்சு இந்த ஹேடோ பஜார்ல எவனும் விக்கல.

— கோவிச்சுக்காதீங்க, தாவூத் பாய். டிரெய்லர்ல லைட்டு எரியல. நாளைக்கு விடியக்காலம் ஒரு டோங்கிப் படக ஏத்திக்கிட்டு மாயாபந்தர் போகணும். லைட்டு இல்லாம படகு வண்டிய இழுத்துட்டுப் போனா செக்போஸ்ட்டுல ஓரங்கட்டிருவான்.

— உங்க டிரெய்லர்ல பிரேக்குக்குத் தனி பல்பு, இண்டிகேட்டருக்குத் தனி பல்பு. அதுக்கு நாலு பின் பத்தாது. ஏழுதான் சரி. மொதல்லயே தலபாடா அடிச்சுக்கிட்டேன்.

— ஏழுதான் மாட்டியிருக்கேன். அதுலயும் எரியல. அந்தா மேல தொங்குதே, கனமா ஒண்ணு, அதக் குடுங்களேன். உப்புக் காத்துக்கும் தாங்கும்.

— அரே, அது லாரிக்கு வர்றது. இருபத்தி நாலு வோல்ட்டு. உங்க பிக்கப்பு பன்னெண்டு. அதுல போய் இது உக்காரவே உக்காராது. அத உங்க தலையில கட்டிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கடை நடத்துறது?

— அப்ப நான் என்னதான் பண்ண?

— எந்த லைட்டு எரியலன்னு சொல்லுங்க. லெஃப்டா, ரைட்டா, பிரேக்கா?

— எல்லாந்தான்.

— எல்லாமேன்னா எர்த்து. அந்த வெள்ளை வயரு. பெயின்ட்ட சுரண்டிட்டு முறுக்குனீங்களா?

— சுரண்டி, போல்ட்டப் போட்டு முறுக்கி, கிரீஸும் தடவிட்டேன்.

— பின்ன என்னதான் கேடு அதுக்கு? பேசாம இந்த சவாரிய ஸ்ரீதர்கிட்ட தள்ளி விடுங்க. அவன் வண்டி சும்மாதான் நிக்குது.

— அது மட்டும் முடியாது பாய். தங்கம்மா போனப்புறம் வந்த மொத சவாரி. அவ காரியத்துக்கு வந்தவங்கள கப்பல் ஜெட்டியில எறக்கி விட்டுட்டு வந்து நிறுத்துனதுதான், சவாரின்னு வண்டிய இன்னும் எடுக்கல. இதையும் விட்டேன்னா வீட்டவிட்டு வெளிய வர எனக்கு ஒரு காரணமும் இல்ல.

— பையன் வரலையா?

— அவன் கடல் தாண்டி மெயின்லேண்டுல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். மத்த நாள்ல டிவி பேசும், நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

— ம். டிரெய்லர் எங்க?

— எதுத்தாப்லதான். மாட்டி இழுத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

— வாங்க. கடை கெடக்கட்டும். வண்டியில ஏறி சாவியப் போடுங்க, நான் பின்னாடி நிக்கிறேன்.

— ஏறிட்டேன் பாய்.

— பிரேக்க மிதிங்க.

— மிதிச்சுட்டேன்.

— எரியுது. ரெண்டும் எரியுது. கால எடுத்துட்டு லெஃப்ட் போடுங்க.

— போட்டாச்சு.

— அடிக்குது. ரைட்?

— போட்டிருக்கேன், பாருங்க.

— அதுவும் அடிக்குது. பெரிய லைட்டப் போடுங்க. ம், பின்னாடி செவப்பும் எரியுது. எல்லாம் பக்காவா இருக்கு அண்ணே. பிளக்குல ஒரு கோளாறும் இல்ல.

— நெசமாவா பாய்?

— நான் எதுக்குப் பொய் சொல்லணும்? இத்தன வெளிச்சம் என் மூஞ்சியிலயே அடிக்குது. வீட்டுல இண்டிகேட்டரப் போட்டுட்டு எறங்கி வந்து பாத்தீங்களா?

— எறங்கல.

— பாக்கவே இல்லையா? பின்ன எரியலன்னு யாரு சொன்னது?

— இவ்வளவு வருசமும் தங்கம்மாதான் பின்னாடி நின்னு கொரல் குடுப்பா. நேத்தும் மிதிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், பாய். எரியுதுன்னு யாரும் சொல்லல.