எழாத மறைப்புச்சுவரும் எங்கள் லூர்துராணி அம்மையாரும்

பச்சைமலைப் பாதைகளைத் தம் பாதங்களால் அளந்த பண்பாளரே! கிராம சுகாதாரச் செவிலியராய் வந்து, மலைவாழ் மகளிரின் மனக்கதவைத் திறந்த மாதரசியே! இன்று பணி ஓய்வு பெற்று, மன்னார்புரத்து வீட்டில் இனியாவது காலை நீட்டி உட்காரப்போகும் எங்கள் லூர்துராணி அம்மையாரே! வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கள் ஆற்றிய தொண்டு அடுக்குமொழிக்குள் அடங்காது. துறையூரில் பஸ் மாறி, பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே மலைச்சிற்றூர் சேர்ந்தீர்கள். மாதவிலக்கு என்று சொல்லவே கூசிய பெண்கள் தங்களிடம் மட்டும் வலியையும் வெள்ளைப்படுதலையும் மறைக்காமல் சொன்னார்கள்.

விலக்கான பெண்கள் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தங்குவது அங்கு வழக்கம். துவைத்த விலக்குத்துணி ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று ஈரத்தோடு கூரைக்குள் செருகிவைப்பார்கள். வெயிலில் உலர்த்தச் சொன்ன தங்களிடம் பவுனம்மாள் என்ற இளம்பெண் கேட்டாள்: “நீங்க சொல்றது சரிதாங்க சிஸ்டர். ஆம்பளைங்க பாக்காத வெயில் எங்க இருக்கு, சொல்லுங்க.” அதற்காகவே தாங்கள் ஒரு மறைப்புச்சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் கேட்டு எழுதினீர்கள். மேலிடம் மனமுவந்து அனுப்பியதோ விழிப்புணர்வு முகாம்.

அந்த முகாமின் மாண்பை என்னென்பது! நிழல் நன்றாயிருக்கிறதென்று ஊர்க்கோயில் வாசலில் பந்தல் போட்டார்கள். மாதவிலக்கு நாளில் சுத்தம் பேணுவது பற்றிய முகாமுக்கு, மாதவிலக்கான ஒரு பெண்ணாலும் வர முடியவில்லை. அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் மேடையை விட்டிறங்கி, நாப்கின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிசைக்கு நடந்தீர்கள். முகாமுக்கு விருது கிடைத்தது, தங்களுக்கு மெமோ கிடைத்தது.

சுவர் வரவில்லை. பவுனம்மாளுக்குக் கிருமித்தொற்று முற்றிப்போய், திருச்சிக்குக் கொண்டுவந்தபோது கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. குழந்தை பெறாதவள். “ஒண்ணாவது பெத்துக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேங்க சிஸ்டர்” என்று தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இனி அவள் எந்த நாளிலும் கோயில் வாசலுக்கு வரலாம், எந்த முகாமிலும் முன்வரிசையில் அமரலாம்.

மெமோ வந்த மறுவாரமும் தாங்கள் மலையேறினீர்கள். கோபத்தை யாரிடமும் காட்டவில்லை, வேலையைத்தான் காட்டினீர்கள். இன்று ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் தங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, அதே அதிகாரி வாழ்த்துரையும் வழங்கவிருக்கிறார். தங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

அம்மையாரே! அந்தச் சுவருக்கான மனுவில் நாங்கள் அனைவரும் கையெழுத்திட்டு மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். அது எழும் நாளில், அந்தப் பெண்கள் அச்சமின்றி வெயிலில் துணி உலர்த்துவதைத் தாங்கள் கண்ணாரக் காண வேண்டும். அதுவரை நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தத்தான் நினைத்தோம். மேலிடத்தின் வேகத்தைப் பார்த்தால் நூறு போதாது. தயவுசெய்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருங்கள்.

தங்கள் பிரிவால் வாடும்,
மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்கள்